சைடு ஸ்டாண்ட்: ஒரு ஆணி... மூணு ஓட்டை!

"மச்சி, வண்டி ஆடுது..."

பின்சீட்டுல உட்கார்ந்தவன் சொல்லி, ஓட்டுறவன் காதுல ஏறவே ஏறாத வசனம் ஒண்ணு உண்டுன்னா அது இதுதான். நமக்குத்தான் ஹேண்டில்பார் கைக்கு வந்ததும் காது மூடிக்குமே!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு நிறைய பேர் சிரிச்சீங்க. இந்த வாரம் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் சீரியஸ். ஒரு பைக், ரெண்டு பசங்க, ஒரு பஞ்சர். அவ்வளவுதான் கதை. ஆனா அந்தப் பஞ்சர் மட்டும் ஆகலைன்னா என் நண்பனோட கதை வேற மாதிரி போயிருக்கும்.

2023 ஜனவரி. பொங்கல் லீவு முடிஞ்ச ஞாயித்துக்கிழமை. அவன் வீடு இரும்புலியூர்ல. தாம்பரம் தாண்டினதும், பெருங்களத்தூருக்கு முன்னாடி, எல்லாரும் கடந்து போவாங்களே தவிர யாரும் இறங்கிப் பார்க்காத ஊர். ஜி.எஸ்.டி. ரோடு ஒரு பக்கம், பைபாஸ் ஒரு பக்கம், நடுவுல ரயில் தண்டவாளம். அந்தத் தெருவுல பிறந்த குழந்தை 'அம்மா' சொல்றதுக்கு முன்னாடி ஹாரன் சத்தத்தைக் கத்துக்கும்னு அவனே கிண்டல் அடிப்பான்.

முந்தின நாள் ராத்திரி அவன்தான் போன் பண்ணான். "மச்சி, நாளைக்கு ஃபுல் டே வண்டியில எங்கயாச்சும் போலாமாடா?"

கேட்கவா வேணும்? உடனே பிளான் ரெடி. காலையில வேடந்தாங்கல், மதியம் உத்திரமேரூர், சாயங்காலம் காஞ்சிபுரம் இட்லி, திரும்பி வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியா வீடு. 'எதுக்கு திடீர்னு?'ன்னு நான் கேட்கவே இல்லை. ரெண்டு நாள் முன்னாடிதான் செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தது. "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டேன். "ஓகேடா" அப்படின்னான். நானும் ஓகேன்னு விட்டுட்டேன்.

விடியக்காலை அஞ்சரை மணிக்குக் கிளம்பியாச்சு. வண்டி, எங்க அண்ணன் ஓட்டி ஓய்ஞ்சு எனக்குத் தள்ளிவிட்ட பழைய 150 சிசி. ஸ்போக் வீல், டியூப் டயர். காத்து செக் பண்ணியான்னு கேட்டான். "போன வாரம்தான்டா அடிச்சேன்"னு சொன்னேன். அந்தப் 'போன வாரம்' தீபாவளிக்கு முன்னாடி வந்த வாரம்!

வண்டலூர்ல பனி. 1855-ல ஆரம்பிச்சு, 1985-ல சிட்டிக்குள்ள இருந்து இங்க குடிவந்த ஜூ வாசல்ல அந்த நேரத்துக்கு ஒரு டீக்கடை மட்டும் முழிச்சிருந்தது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் அப்ப இன்னும் திறக்கலை (2023 டிசம்பர் கடைசியிலதான் திறந்தாங்க). கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில்னு போர்டு போர்டா பின்னாடி ஓடுச்சு. செங்கல்பட்டு கொளவாய் ஏரி மேல சூரியன் எட்டிப் பார்க்கும்போது பின்னாடி இருந்து ஏதோ சொன்னான். ஹெல்மெட்டுக்குள்ள ஹெல்மெட் பேசினா என்ன கேட்கும்?

"என்னடா?"

"ஒண்ணுமில்லடா... அப்புறம் சொல்றேன்."

பாலாறு பாலத்துல மறுபடியும் ஏதோ ஆரம்பிச்சான். நான் பெரிய ஞானி மாதிரி "ஆமா ஆமா"ன்னு தலையை ஆட்டினேன். எதுக்கு ஆமா சொன்னேன்னு எனக்கே தெரியாது.

ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினா வேடந்தாங்கல். போகாதவங்க ஒரு தடவை போயிடுங்க பாஸ். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சீசன். முப்பது ஹெக்டேர் ஏரி, தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள், இலை தெரியாத அளவுக்குப் பறவைகள். கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம்னு ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ் கூட்டம்!

இந்த ஏரியைக் காப்பாத்தினது சர்க்கார் இல்லை, ஊர்க்காரங்க. 1790-கள்ல வெள்ளைக்கார சிப்பாய்ங்க இங்க வந்து பறவைகளைச் சுட்டாங்க. ஊர் மக்கள் நேரா செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட போய் முறையிட்டு, சுடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கினாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி அவங்க வயலுக்கு உரம். அதனால பறவைக்கு ஒண்ணுன்னா அவங்களுக்கும் ஒண்ணுதான். தீபாவளிக்குக் கூட பட்டாசு வெடிக்காத ஊர். 2022-ல ராம்சர் பட்டியல்லயும் இடம் பிடிச்சிடுச்சு. பிரச்னைன்னா மறைக்காம, கேட்கவேண்டிய ஆள்கிட்ட போய்ச் சொல்றதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே நம்ம ஆளுங்க தயங்கலை. இதை அப்ப நான் யோசிக்கலை. அப்ப நான் பைனாகுலருக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்.

பத்தரை மணிக்கு உத்திரமேரூர் பக்கம் வண்டியைத் திருப்பினோம். ரெண்டு பக்கமும் நெல் வயல், நடுவுல குறுகலா தார் ரோடு. கொஞ்ச தூரத்துல ஆரம்பிச்சான்.

"மச்சி, வண்டி ஆடுது."

"ரோடு அப்படிடா."

ஒரு கிலோமீட்டர். "மச்சி, நிஜமா ஆடுதுடா. பின்னாடி வாலை ஆட்டுது."

"நீ ஆடாம உட்காரு, அது ஆடாது."

மூணாவது தடவை முதுகுல ஒரு குத்து. "டேய்!"

நிறுத்திப் பார்த்தா, பின் டயர் பாதி உட்கார்ந்திருந்தது. அப்பவாச்சும் புத்தி வரணுமா இல்லையா? "கொஞ்சம் காத்து இருக்குடா. மெதுவா ஓட்டினா கடை வரைக்கும் போயிடலாம்"னு சொல்லி ரெண்டு பேரும் ஏறி உட்கார்ந்து இன்னும் மூணு கிலோமீட்டர் ஓட்டினேன். அதுக்கப்புறம் வண்டி 'கட கட கட'ன்னு மாட்டு வண்டி ஆயிடுச்சு. இறங்கித் தள்ள ஆரம்பிச்சோம்.

ஒரு சின்ன சயின்ஸ் சொல்லிடறேன். பஞ்சர் பெரும்பாலும் பின் டயர்லதான் ஆகும். ரோட்டுல படுத்துக் கிடக்கிற ஆணியை முன் டயர் தட்டி எழுப்பிவிட்டுப் போகும்; எழுந்து நிக்கிற ஆணி மேல பின் டயர் ஏறும். பின்சீட்டுக்காரன் உட்கார்ந்திருக்கிறது கிட்டத்தட்ட அந்தச் சக்கரத்து மேலயே. அதனால வண்டியில முதல்ல தப்பு தெரியிறது அவனுக்குத்தான். ஓட்டுறவனுக்குக் கடைசியாத்தான் தெரியும்.

ஜனவரி வெயில்னு ஏமாந்துடாதீங்க. பதினொரு மணிக்கு வயல் நடுவுல பஞ்சரான வண்டியைத் தள்ளிப் பாருங்க, தெரியும்! மூச்சு வாங்க அவன்தான் ஜோக் அடிச்சான். "மோட்டார் சைக்கிள் டைரீஸ் மாதிரி இல்லடா?"

2004-ல வந்த படம். 1952 ஜனவரியில சே குவேரானு ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட், வயசு 23. அவரோட நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோ, வயசு 29. ரெண்டு பேரும் அர்ஜென்டினாவுல இருந்து பழைய நார்ட்டன் 500 வண்டியில தென் அமெரிக்காவைச் சுத்தக் கிளம்பினாங்க. வண்டிக்கு அவங்க வச்ச பேருக்கு 'பலசாலி'ன்னு அர்த்தம். பலசாலி வழி முழுக்கக் கவிழ்ந்து, பஞ்சராகி, பாதி தூரம் கூட வராம சிலியில மொத்தமா படுத்துடுச்சு. அதுக்கப்புறம் லாரி, கப்பல், நடைன்னு போனாங்க. சுரங்கத் தொழிலாளிங்க, தொழுநோயாளிங்கன்னு அவங்க வாழ்க்கையை மாத்தின மனுஷங்களை அவங்க பார்த்ததெல்லாம் வண்டி படுத்ததுக்கு அப்புறம்தான். வண்டி ஓடுற வரைக்கும் ரோடு மட்டும்தான் தெரியும் போல.

ரெண்டு கிலோமீட்டர் தள்ளினதுல ஒரு டீக்கடையும், அதை ஒட்டி ஒரு பஞ்சர் கடையும் வந்தது. பழைய டயரைக் கம்பத்துல மாட்டி அதுல சுண்ணாம்புல 'பஞ்சர்'னு எழுதியிருந்தாங்க. அந்த நிமிஷம் எனக்கு அது பஞ்சர் கடை இல்லை, பழநி மலை!

கடைக்கார அண்ணன் எங்களை மேல கீழ பார்த்தார். லிவரைப் போட்டு டயரை நெம்பி, டியூபை உருவி, காத்தடிச்சு, தண்ணித் தொட்டியில முக்கினார். ஒரு இடத்துல குபுகுபுன்னு முட்டை வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்துல. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு.

"இன்னா தம்பி, காத்து இல்லாம எவ்ளோ தூரம் ஓட்டினு வந்தீங்க?"

"மூணு கிலோமீட்டர்ண்ணே..."

டயருக்குள்ள கையை விட்டுத் தடவி ஒரு அங்குல ஆணியை எடுத்து என் உள்ளங்கையில வச்சார். "இந்தா. இது போட்டது ஒரே ஓட்டைதான். மத்த ரெண்டும் நீ போட்டது. காத்து இல்லாத டியூபு மேல ரெண்டு பேர் குந்தினு ஓட்டினா, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல டியூபு நசுங்கிக் கிழியும். அப்பவே நிறுத்தினு இருந்தா ஒரு ஒட்டோட முடிஞ்சிருக்கும். ஆணி மேல தப்பில்ல தம்பி."

நான் அசடு வழிய சிரிச்சேன். அவன் சிரிக்கலை. அந்த ஆணியை என் கையில இருந்து எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

அண்ணன் டியூபை உப்புத்தாள்ல தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, காய வச்சார். காயட்டும்னு நாங்க பெஞ்சுல உட்கார்ந்தோம். காலையில இருந்து அப்பதான் முதல் தடவையா இன்ஜின் சத்தம் இல்லை, ஹெல்மெட் இல்லை, காத்து இரைச்சல் இல்லை.

"ஏழு மச்சி" அப்படின்னான்.

"என்ன ஏழு?"

"அரியர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு வருஷமா ஒரே பெஞ்ச். எனக்குத் தெரிஞ்சு அவனுக்கு ஒண்ணே ஒண்ணு, ஃபர்ஸ்ட் செமஸ்டர் மேத்ஸ். எல்லாருக்கும் விழுறதுதான்.

"ஆணி அதுதான்டா. எம்-ஒன். அப்பவே வீட்டுல சொல்லியிருந்தா நாலு திட்டோட போயிருக்கும். சொல்லலை. அடுத்த செமஸ்டர் சேர்த்துக் கிளியர் பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அதுல ரெண்டு போச்சு. அதைச் சொல்லணும்னா இதையும் சொல்லணுமேன்னு பயம். அப்புறம் கிளாஸ்ல உட்கார்ந்தா ஒண்ணும் மண்டையில ஏறலை. இப்ப ஏழு."

அதோட நிக்கலை. மறுநாள் திங்கக்கிழமை ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலைக்குச் சேரப் போறானாம். ஒருத்தர் ஏற்பாடு பண்ணிட்டாராம். காலையில காலேஜ் பேக்கை மாட்டிக்கிட்டுக் கிளம்பி, கம்பெனி பஸ் ஏறிடறதா பிளான். வீட்டுக்குத் தெரியவே தெரியாது. டி.சி.யை அப்புறம் பார்த்துக்கலாம்.

"அதான் கடைசியா ஒரு ரைடு போலாம்னு கூப்பிட்டேன். காலையில இருந்து சொல்லணும்னு பார்த்தேன்டா. கொளவாய்ல சொன்னேன், பாலாத்துல சொன்னேன். நீ ஆமா ஆமான்னுட்ட."

வண்டி ஆடுதுன்னு அவன் மூணு தடவை சொன்னான், நான் கேட்கலை. அவனே ஆடிக்கிட்டு இருந்ததையும் ரெண்டு வருஷமா நான் பார்க்கலை. என்ன சொல்றதுன்னே தெரியலை. வேலைக்குப் போறது ஒண்ணும் தப்பில்லை, படிச்சுக்கிட்டே வேலை பார்க்கிறவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க. ஆனா இது வேலைக்குப் போறது இல்லை. காத்து இல்லாத வண்டியில இன்னும் ஒரு மூணு கிலோமீட்டர். அதை மட்டும் சொன்னேன். அதுக்கு மேல எனக்கு அட்வைஸ் வராது.

கடைக்கார அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தார் போல. மூணாவது ஒட்டைச் சுத்தியால தட்டிக்கிட்டே, "டியூபுல ஏழு ஒட்டு போட்டு ஓடுற வண்டி எல்லாம் இங்க வரும் தம்பி. எங்க ஓட்டைன்னு தெரிஞ்சா ஒட்டிடலாம். தொட்டியில முக்கினாத்தான் தெரியும்" அப்படின்னார். மூணு ஒட்டுக்கு 270 ரூபாய். கவுன்சலிங் ஃப்ரீ.

இந்த இடத்துல டயர் கண்டுபிடிச்சவருக்கு ஒரு நன்றி. பெல்பாஸ்ட்ல மாட்டு டாக்டரா இருந்த ஜான் பாய்ட் டன்லப், பையனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு ரப்பர் குழாய்ல காத்தடிச்சுக் கட்டிப் பார்த்தார். 1888-ல பேடன்ட் வாங்கினார். நம்ம ஊர் எம்.ஆர்.எஃப். கூட 1946-ல திருவொற்றியூர்ல பொம்மை பலூன் செஞ்சு ஆரம்பிச்சதுதான். பலூனோ, டயரோ, எல்லாம் உள்ளே இருக்கிற காத்துலதான் நிக்குது.

உத்திரமேரூர் போய்ச் சேர மதியம் ரெண்டு மணி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி குடவோலை முறையில ஊர் சபைக்குத் தேர்தல் நடத்தின விதி எல்லாம் அதுல இருக்கு. முப்பது குடும்பு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. வயசு 35-க்கு மேல 70-க்குள்ள இருக்கணும். முக்கியமா, முன்னாடி பொறுப்புல இருந்துட்டு கணக்கு காட்டாதவங்க பேரைக் குடத்துலயே போடக் கூடாது!

படிச்சுச் சொன்னதும் அவன் சிரிச்சான். காலையில இருந்து முதல் நிஜ சிரிப்பு. "கணக்கு காட்டலைன்னா அப்பவே அவுட்டாடா? எனக்கு கணக்குலதான்டா அரியரே!"

காஞ்சிபுரத்துல கோயில் இட்லி தேடினோம், கிடைக்கலை. பரோட்டாவோட சமாதானம் ஆயிட்டோம். திரும்பும்போது வண்டியை அவன் ஓட்டினான். நான் பின்சீட். முதல் தடவையா அவன் முதுகுக்குப் பின்னாடி இருந்து ரோட்டைப் பார்த்தேன். ஒண்ணுமே தெரியலை. ஆனா சக்கரம் உருள்றது ஒவ்வொரு சுத்தும் உடம்புல தெரிஞ்சது.

இருட்டினப்புறம் ஒரகடம். 2013-ல ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை திறந்த ஊர், டயர் தொழிற்சாலையும் அங்க உண்டு. ரெண்டு பக்கமும் கம்பெனி விளக்கு, ஷிப்ட் பஸ் வரிசை. அவன் வேகத்தைக் குறைச்சான். ஒரு நிமிஷம் அந்த பஸ்களைப் பார்த்தான். அப்புறம் கியரை மாத்தினான். படப்பை, முடிச்சூர், தாம்பரம், இரும்புலியூர்.

ராத்திரி ஒன்பது மணி. அவங்க அப்பா டெய்லர். வாசல் ரூம்ல மெஷின் ஓடிக்கிட்டு இருந்தது. நான் வெளியே சைடு ஸ்டாண்ட் போட்டு நின்னேன். உள்ளே போனான். கொஞ்ச நேரத்துல மெஷின் சத்தம் நின்னுடுச்சு. அந்த அமைதி இருக்கே... ஜி.எஸ்.டி. ரோட்டுல போற லாரி சத்தம் எல்லாம் தனித்தனியா கேட்டுச்சு. அவங்க அம்மா அழுறது கேட்டுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு அப்பா வெளியே வந்தார். என்னையும் சேர்த்துத் திட்டப் போறார்னு ரெடியா இருந்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"இல்லப்பா. இன்னிக்குத்தான் தெரியும்."

"கூடவே சுத்துற, உனக்கும் தெரியலையா..." கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். "சரி, உள்ள வா. தோசை ஊத்துறா. சாப்பிட்டுப் போ. நாளைக்கு நானே காலேஜுக்கு வரேன்."

மறுநாள் கம்பெனி பஸ் வந்தது, போனது. அவன் ஏறலை. அந்த மே மாசம் நாலு கிளியர் பண்ணான். அடுத்து ரெண்டு. எல்லாத்துக்கும் ஆணி போட்ட அந்த எம்-ஒன் மட்டும் ஃபைனல் இயர் வரைக்கும் இழுத்து, கடைசியிலதான் வெளியே வந்தது. இப்ப வேலையில இருக்கான். அந்த ஒரு அங்குல ஆணி இன்னும் அவன் சாவிக்கொத்துல தொங்குது.

சைடு ஸ்டாண்ட் டிப்ஸ்

* டயர் சூடாகுறதுக்கு முன்னாடி, கிளம்பும்போதே காத்து செக் பண்ணுங்க. எவ்வளவுன்னு வண்டியிலயே ஸ்டிக்கர் இருக்கும். என் வண்டிக்கு முன்னாடி 25. பின்னாடி தனியா போனா 28, ரெண்டு பேர்னா 32.

* ஓடும்போது டயர் போச்சுன்னா சடன் பிரேக் வேண்டாம். ஹேண்டிலை நேரா பிடிச்சு, ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவா இடதுபக்கம் ஒதுங்குங்க.

* டியூப்லெஸ் டயர்ல ஆணி ஏறியிருந்தா கடை வர்ற வரைக்கும் பிடுங்காதீங்க. காத்தை அடைச்சு வச்சிருக்கிறதே அந்த ஆணிதான். டியூப் டயர்னா இறங்கித் தள்ளிடுங்க, ஓட்டாதீங்க.

* ஒட்டு போட்டதும் டயருக்குள்ள ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொல்லுங்க. ஆணி உள்ளேயே இருந்தா அடுத்த பஞ்சர் அடுத்த தெருவுல.

* பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம். தமிழ்நாட்டுல 2015 ஜூலையில இருந்தே.

* கடைசியா, பின்சீட்டுல இருக்கிறவன் ஏதாவது சொன்னா "ஆமா ஆமா" சொல்லாதீங்க பாஸ். வண்டியை ஓரம் கட்டிட்டு, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "என்னடா?"ன்னு கேளுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்!